கீழ்வீட்டு ராணி அன்ரி சொன்ன குறைகள்

ஈர உடுப்பிலிருந்து தண்ணீர் தகரத்தில் சொட்டும் சத்தம்... அதோடு கீழ்வீட்டு முற்றத்தில் வெயிலில் காயும் செத்தல் மிளகாயின் நெடி. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் இந்த இரண்டும் சேர்ந்துதான் ஞாபகத்தில் வருகிறது.

நான் அப்போதுதான் முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வரும் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். ஏதாவது பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்த் திருவிழாவில் என் அக்கா தேவி மயங்கி விழுந்தாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி சந்தை வரை போய்த் திரும்பி வந்தபோது ‘அடிக்கடி மயக்கம்’ என்று ஆகியிருந்தது. மாதம் ஒன்று போக, ‘வலிப்பு’. யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ‘பாவம் பிள்ளை’ என்று இரங்கிய ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள்.

பேசி வந்த இரண்டு சம்பந்தங்கள் காரணம் சொல்லாமலே நின்றுபோயின. அக்கா வேலைக்குப் போவாள், வருவாள். சத்தமாகச் சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

மூன்றாவது சம்பந்தம் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தது. மாப்பிள்ளையை ஒரு கல்யாண வீட்டில் அக்கா கண்டிருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை... ஆனால் எங்களுக்குத் தெரியும். இதுவும் தவறினால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்ற பயம் வீடு முழுக்க இருந்தது.

அந்த நாளில் சம்பந்தம் பேசினால், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா எதிர்வீட்டு ரீச்சரிடமும், பக்கத்து வீட்டிலும், ஒழுங்கை முனையில் உள்ள முடக்குக் கடை முதலாளியிடமும் போய், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.

கீழ்வீட்டு ராணி அன்ரியிடம் மட்டும் போகவில்லை. எப்படிப் போவது? எங்கள் உடுப்புத் தண்ணீர் அவருடைய மிளகாயில் சொட்டிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை.

ஒரு ஞாயிறு காலை நான் பேக்கரியில் சூடாகப் பாண் வாங்கிக்கொண்டு வருகிறேன்... கேற்றடியில் குடையோடு ஒரு பெரியவர். வாசலில் ராணி அன்ரி. அவர்கள் காணாமல் பக்கவாசலால் நுழைந்தேன். மாடிப்படிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

“மேல்வீட்டு ஆக்களைப் பற்றி ஒருக்கா கேக்கலாமோ?”

“அவையோட எனக்குக் கதை பேச்சில்லை.”

போச்சு என்று நினைத்தேன்.

“ஏன் அம்மா?”

“ஏனோ? மேல பாருங்கோ. பிழியாமக் கொண்டந்து போடுறது. கேட்டால் காத்துக்குச் சொட்டுது எண்டுறது. காத்தே உடுப்புத் தோய்ச்சது?”

பெரியவர் மேலே கொடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளைக்கு ஏதோ வலிப்பு எண்டு ஒரு கதை...” என்றார்.

“வலிப்போ! ஆர் சொன்னது? தேர் அண்டைக்கு அவளுக்குப் பக்கத்தில நிண்டது நான். விடியத் தொடக்கம் பச்சைத் தண்ணியும் குடிக்காம விரதம். அந்த வெயில், அந்தச் சனம். தலை சுத்தி என்ர மேலதான் விழுந்தவள். என்ர புதுக் காஞ்சிபுரம் கரையோட கிழிஞ்சு போச்சு. ஒரு சோடா குடிச்சுப்போட்டு எழும்பி நடந்தவள். அடுத்த நாள் வேலைக்குப் போக பஸ்ஸுக்குப் பின்னால ஓடினவள், இதே கேற்றில நிண்டு பாத்தனான். வலிப்பாம் வலிப்பு! கிழிஞ்ச சீலைக்கு மன்னிக்கச் சொல்லி ஒரு சொறி சொன்னவையோ எண்டு கேளுங்கோ.”

“பிள்ளை சொல்லேல்லையோ?”

“அவள் அண்டைக்கே சொன்னவள். தாய் சொல்லேல்லையே!”

“அப்ப பிள்ளையில குறை ஒண்டும் இல்லை?”

“ஏன் இல்லை? சிரிச்சால் கடற்கரைக்குக் கேக்கும். இப்பதான் கொஞ்ச நாளா சத்தத்தைக் காணேல்லை.”

பெரியவர் சிரித்தேவிட்டார். “எங்கட வீட்டில ஒருத்தரும் சிரிக்கிறேல்லை அம்மா. வரட்டும்.”

அவர் நேரே படியேறி எங்கள் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். நான் பாணை நெஞ்சோடு அணைத்தபடி அதே இடத்தில் நின்றேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. வாசலில் நின்ற ராணி அன்ரி அப்போதுதான் என்னைக் கண்டார். “என்ன ஒளிச்சு நிண்டு கேக்கிறீர்? போம், பாண் ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து பல காலத்துக்குப் பிறகு அத்தான்தான் மீதியைச் சொன்னார். மாமா விசாரித்த மற்ற மூன்று பேரும் ‘தங்கமான பிள்ளை’ என்ற ஒரே சொல்லைச் சொன்னார்களாம். எதையோ மறைக்கிறார்கள் என்று பயந்து, திரும்பிப் போகத்தான் இருந்தாராம். “கோபக்காரி ஒருத்தி உண்மையைச் சொன்னா. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்” என்றாராம் வீட்டில்.

அம்மா அழைப்பிதழோடு முதலில் போனது கீழ்வீட்டுக்குத்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு ராணி அன்ரி கேட்ட முதல் கேள்வி: “இனியாவது பிழிஞ்சு போடுவியளோ?”

இப்போது என் பேத்திக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். போன கிழமை அந்தப் பையனின் பேஸ்புக்கை எனக்குக் காட்டினாள். படத்துக்குப் படம் இதயம், வாழ்த்து, ‘சூப்பர் மச்சான்’. எனக்கு ஏனோ அந்த மூன்று ‘தங்கமான பிள்ளை’தான் கேட்டது. இது கிழவனின் வீண் பயமாகவும் இருக்கலாம்.

“இவரோட சண்டை பிடிச்ச ஆள் ஒருத்தரும் இதில இல்லையோ பிள்ளை?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். அக்காவின் சிரிப்பு, அப்படியே.

“அப்பிடி ஆக்களை எல்லாம் ப்ளொக் பண்ணியிருப்பாங்கள், அம்மப்பா.”