ஐந்தாவது குன்றிமணி

கிலுக்கை வாயில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்தான் முதலில் நினைவுக்கு வருகிறாள். குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்த நேரம். அவள் காலடியில் சாளை மீன் நிறைந்த ஓலைக் கடவம். வயது நாற்பது இருக்கும். நான் பனையோலையில் முடைந்த கிலுகிலுப்பையை ஒரு கைக்குழந்தை மாதிரி சப்பிக்கொண்டிருந்தாள். முதலில் முனைகளை நாக்கால் தடவிப் பார்த்தாள். பிறகு காம்பைப் பல்லில் கடித்து இழுத்தாள். சுற்றி நின்ற மீன்காரிகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏட்டி, பல்லு முளைக்குதா ஒனக்கு?” என்றாள் ஒருத்தி. இவள் கிலுக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “பிள்ளைக்க கண்ணு வாயிலயாக்கும் இருக்கு. வாங்கிக் குடுக்கியவ மொதல்ல அங்க வச்சுப் பாக்காண்டாமா?”

தங்கச்சி பிள்ளைக்கு வாங்க வந்தவள் அவள். நான் மைனி என்று கூப்பிட்டேன். அண்ணன் மனைவியை அழைக்கிற சொல் அது. எனக்கு அண்ணன் கிடையாது. கொஞ்சம் மூத்த பெண்களையெல்லாம் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் அரசில் இருந்த காலம். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஓட்டுச் சூளையிலும் கயிற்றுக் களத்திலும் ரப்பர் தோட்டத்திலும் கிடந்துவிட்டு, எதிலும் ஒரு வருஷம் தாங்காமல், கடைசியில் ஓலை முடைவதில் வந்து நின்றிருந்தேன். ஓலையும் கத்தியும் போதும்; யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போகலாம். பட்டினி இருந்தது. அது எல்லாத் தொழிலிலும் இருந்தது.

கிலுக்குக்குள் அதுவரை பொடிக்கல் போட்டு வந்தேன். கல் ஓலையை அறுத்துவிடும். அந்த வாரம் வேலிகளில் குன்றிமணிக் காய்கள் வெடித்துத் தொங்கின. சிவப்பு உடம்பு, கறுப்புக் கண். உருட்டிப் பார்த்தேன், வழுவழுப்பாக இருந்தது. ஒன்றிரண்டு போட்டால் சத்தம் போதவில்லை, ஏழெட்டு போட்டால் அடைத்துக்கொண்டது. ஐந்து போட்டால் அத்தனை சுத்தமான சத்தம். ஆகவே எண்ணி ஐந்து போட்டேன். குன்றிமணியை அரைத்துத் தீவனத்தில் கலந்தால் மாடு சாகும் என்பது எனக்கும் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். தட்டான் அதை வைத்துப் பொன் நிறுத்தான், சிறுமிகள் அதை வைத்துப் பல்லாங்குழி ஆடினார்கள். அரைத்தால்தானே விஷம் என்று இருந்துவிட்டோம். பல் முளைக்கிற பிள்ளையின் வாயும் ஓர் அம்மிதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மைனி இன்னொரு முறை கடித்தாள். ஓலையின் மூட்டு விட்டது. நாக்கில் விழுந்ததை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். மீன்காரிகளின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“லேய், என்னது இது?”

“குன்னிமுத்து, மைனி. கல்லு போட்டா இந்தச் சத்தம் கிட்டாது.”

“சத்தத்தயா பிள்ள திங்கப் போவுது? இந்த மாதிரி எத்தன எண்ணம் குடுத்திருக்கே?”

முந்தின நாள் வீடு வீடாக நடந்து ஒன்பது கொடுத்திருந்தேன். சொன்னேன். அவள் வாயைக் கொப்பளித்தாள், கடவத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். “நட. எந்தெந்த வீடுன்னு காட்டு” என்றாள்.

அவள் இல்லாமல் என்னால் ஒன்றைக்கூடத் திருப்பி வாங்கியிருக்க முடியாது. ஊர்சுற்றி ஒருவன் வந்து கேட்டால் யார் கொடுப்பார்கள்? பிள்ளைகளும் கிலுக்கை விடவில்லை, வீரிட்டு அழுதன. மைனி ஒவ்வொரு வாசலிலும் கடவத்தை இறக்கி, கிலுக்குக்கு மாற்றாக ஒரு கை சாளை அள்ளிப் போட்டாள். ஒரு வீட்டில், “கிலுக்குக்கு மீனு கிட்டும்னா இன்னும் நாலு வாங்கியிருப்பேனே, மக்கா” என்று கிண்டல் செய்தார்கள். பிள்ளையின் அழுகையை நிறுத்த நான் அங்கேயே உட்கார்ந்து ஓலையில் ஒரு மீன் முடைந்து கொடுத்தேன். அதையும் மைனி சப்பிப் பார்த்துத்தான் கொடுக்கவிட்டாள். திரும்பி வந்த ஒவ்வொரு கிலுக்கையும் பிரித்து ஐந்து மணியையும் அவள் கையில் எண்ணிப் போட்டேன். எட்டு வீடு முடிந்தபோது உச்சி வெயில். கடவத்தின் அடியில் கொஞ்சம் மீன்தான் மிச்சம்.

ஒன்பதாவது வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. தலைப்பிள்ளைக்காரி, என்னைவிட இளையவள். பாயில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கிலுக்கு பிரிந்து கிடந்தது. மைனி முழங்காலிட்டுப் பாயை உதறினாள், தரையைத் தடவினாள். நான்கு மணி கிடைத்தது. கீழ் ஈறில் இரண்டு பல் தெரிய அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

“லேய், இதுல அஞ்சா, நாலா?” என்றாள் மைனி.

தாய் என் வாயையே பார்த்தாள். நாலு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளும் நம்புவாள், நானும் சாயங்காலத்துக்குள் வேறு ஊரில் இருப்பேன். அப்படிப் பல இடங்களிலிருந்து போயிருக்கிறேன். என் கண் தோப்புக்கு வெளியே போகிற வழிக்குப் போனதை மைனி பார்த்தாள். அதை அவள் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

“அஞ்சு” என்றேன்.

வைத்தியர் வந்து பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு அந்த இரண்டு பல்லையும் தடவினார். “முழுசாட்டுப் போயிருந்தா முழுசாட்டு வரும். கடிச்சிருந்தா என் கையில ஒண்ணும் இல்ல” என்றார். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கருமணல் அள்ளப் போயிருந்த தகப்பன் மாலையில் வந்து, விஷயம் கேட்டு, என் கழுத்தைப் பிடித்தான். மைனி குறுக்கே வந்தாள். “ஓடாம நிக்கியானல்லா? பிள்ளையப் பாரு மொதல்ல. அடிக்கணும்னா நாளைக்கும் இங்கணதான் இருப்பான்.” அவன் கையை எடுத்தான். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் எங்கே போக?

முற்றத்துத் தென்னையடியில் இருந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. பிள்ளை மட்டும் வாசற்படி வரை தவழ்ந்து வந்து என் ஓலைக்குக் கை நீட்டும், தாய் வந்து தூக்கிப் போவாள். அது இருமினால் நான் எழுந்து நிற்பேன். பால் குடிக்கும் சத்தம் கேட்டால் உட்காருவேன். மைனியும் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை கழிக்கிற துணியையெல்லாம் தாயின் கையிலிருந்து வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசினாள். மறுநாள் காலையில் இரண்டு முறை ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை கிணற்றடியிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

“வந்துட்டுடே! முழுசாட்டு வந்துட்டு!”

ஈர உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கீறல் இல்லை. சிவப்பும் கறுப்பும் அப்படியே மினுங்கின. தாய் பிள்ளையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். தகப்பன் என்னைப் பார்க்காமல் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மணியை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். எதையும் சேர்த்து வைக்காதவனுக்கு அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. “இன்னொரு பிள்ளைக்க கையில கிட்டவா?” என்று கேட்டு, மைனி அதை மற்ற மணிகளோடு சேர்த்து அடுப்பில் போட்டாள்.

பிள்ளை கிலுக்கு கேட்டு அழத் தொடங்கியது. மைனி உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளி வந்தாள். “இதப் போட்டு முடையி. உள்ள இருக்கது வெளிய வந்தாலும், பிள்ள தின்னாலும் சோறுதானே” என்றாள். முனைகளை உள்மடித்து முடைந்தேன். சத்தம் சின்னதாக இருந்தது. அலை திரும்பிப் போகும்போது மணல் போடுகிற சத்தம். மைனி சப்பிப் பார்த்தாள். பிறகு தாயிடம் கொடுத்தாள். தாயும் சப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் பிள்ளையிடம் போயிற்று. அன்று மத்தியானம் அந்த வீட்டில் எனக்குக் கஞ்சி ஊற்றினார்கள்.

அடுத்த மாதம் நான் தேங்காய்ப்பட்டணம் வழியாக வடக்கே போய்விட்டேன். இந்த முறை மைனியிடம் சொல்லிக்கொண்டு போனேன். மறுபடி அவளைப் பார்க்கவில்லை.

இப்போது கடைகளில் கலர் கலராகப் பிளாஸ்டிக் கிலுக்குகள் தொங்குகின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நானே ஒன்று முடைந்தேன். எனக்கு ஒரு பல்கூட மிச்சமில்லை. பிள்ளையின் வாயும் என் வாயும் இன்று ஒரே மாதிரிதான். முனையை ஈறில் வைத்துப் பார்த்தேன், குத்திற்று. பிரித்து மறுபடி மடித்தேன். “என்ன பாட்டா, ருசியா இருக்கா?” என்று சிரித்தாள் பிள்ளையின் தாய். அவளிடமே கொஞ்சம் அரிசி வாங்கி உள்ளே போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை.