பின்வரிசையில் இருந்த துணை

பஜனைக்கு வந்திருக்கும் அடியார்களே, பெற்ற மகளின் படிப்புக்காக நான் அழுத அழுகையையும் அழகர் அதைத் துடைத்த விதத்தையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

2001-ஆம் வருடம். எங்கள் ஒரே மகள் ராதா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சிம்மக்கல்லில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரோ, "மதுரைக்குள்ள கெடச்சா படிக்கட்டும். வெளியூர்னா வேணாம், மாப்பிள்ளை பாத்துருவோம்" என்றுவிட்டார்.

அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் காலேஜ் ஆராய்ச்சி செய்தார்கள். "காலேஜ் பஸ் தெருமுனைக்கு வருதான்னு பாருங்கக்கா, மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கட்டடம் எம்புட்டுப் பெருசுன்னு பாக்கணும்" என்றார் என் கொழுந்தனார். அங்கே யார், எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று ராதா மட்டும் விசாரித்தாள். அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கும் பயம்தான். வயசுப் பிள்ளை. அழகர்கோவில் சன்னதியில் நின்று, "பெருமாளே, என் பிள்ளையை ஆள் தெரியாத ஊரில் விட்டுவிடாதே" என்று கதறினேன். மதுரையிலேயே இடம் கொடு என்பதைத்தான் அப்படிக் கேட்டேன்.

கவுன்சிலிங்குக்கு நானும் அவளும் சென்னை போனோம். எங்கள் முறைக்காகக் காத்திருந்த ஹாலில், எந்தக் காலேஜில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கண் முன்னாலேயே மதுரையில் கம்ப்யூட்டர் இடங்கள் தீர்ந்துபோயின. கோயம்புத்தூரில் ஒரு நல்ல காலேஜில் மட்டும் கொஞ்சம் இருந்தன. அழகர் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். வெளியூர் போனால் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் எதை வேண்டுமானாலும் சத்தமாகப் பேசிவிடுவோம். எங்கள் ஜனத்துக்கே உள்ள பழக்கம் அது.

"ஊர் தெரியலைங்கிறதுக்காகப் படிப்பையே விடச் சொல்றியாம்மா?" என்று ராதா தேம்பினாள்.

"அங்க உனக்குக் காய்ச்சல்னா யாருடி பாப்பாக? மெதுவாப் பேசு. பின்னால ஒரு அம்மா சினிமாவுக்கு வந்த மாதிரி முறுக்கு தின்னுக்கிட்டு நம்மளையே பாக்குது."

பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. முறுக்குப் பொட்டலம். "நீங்களும் எடுத்துக்குங்க. பிள்ளைய அழ விடாதீங்க." சுத்தமான சௌராஷ்டிரம்!

எனக்கு மானமே போய்விட்டது. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பெயர் சரோஜா. ஊர் கோயம்புத்தூர். மகனுக்குச் சீட் எடுக்க வந்தவர். அவருடைய பெரிய மகள் இடம் மிச்சமிருந்த அதே கோயம்புத்தூர் காலேஜில்தான் படித்துக்கொண்டிருந்தாள். வீடும் காலேஜிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ராதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாத்தியார்கள் எப்படி, லேப் எப்படி என்று அவரைத் துளைத்தெடுத்தாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வாசலில் இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து கடைக்குப் போன் போட்டேன். "முடியாது" என்றார் என் வீட்டுக்காரர். சரோஜா அம்மா போனை வாங்கிக்கொண்டார். எங்கள் ஜனங்கள் யாரைப் பார்த்தாலும், சொந்தம் கண்டுபிடிக்க முதலில் குடும்பத்தின் வீட்டுப் பெயரைக் கேட்பார்கள். இவரும் கேட்டார், அவரும் சொன்னார். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் அந்த அம்மா என் வீட்டுக்காரருக்கு அத்தை முறை!

போன் என் கைக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "சரி, எடு. ஞாயித்துக்கிழமை தவறாம அத்தை வீட்டுல சாப்பிடணும்னு சொல்லு."

ராதா அங்கேயே படித்து முடித்தாள். நல்ல வேலையில் நிறைவாக இருக்கிறாள். இரண்டாம் வருடம் அவளுக்கு அம்மை போட்டபோது, நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அத்தை வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் இருந்தாள். அன்று மறுபடியும் அழுதேன். அது வேறு அழுகை.

பிள்ளைக்குக் காலேஜ் தேடி அலையும் தாய்மாரே, பஸ்ஸையும் கட்டடத்தையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கப் போகிற பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மீதியைப் பெருமாளிடம் விட்டுவிடுங்கள். அவன் எங்கோ மலைமேல் இருக்கிறான் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பின்வரிசையிலேயே முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான்.