ஓரகத்தியின் வளையல் பாட்டு

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் பாட்டு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அதனால் நாத்தனாரின் வளைகாப்புக்குப் பாட்டு எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சாயங்காலமானால் வாய்க்கால் கரையில் போய் உட்காருவேன். காவிரித் தண்ணீர் கடைமடையான எங்கள் கீழ்வேளூர் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு வரியும் வரவில்லை.

என் ஓரகத்தி சுமதி இதற்கென்று எங்கும் போய் உட்காரமாட்டாள். கரன்ட் போனால் ஒரு பாட்டு, அறுவடை மெஷின் வராவிட்டால் ஒரு பாட்டு என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே இட்டுக்கட்டுவாள். கேட்கச் சகிக்காது. நான் உள்ளூரச் சிரித்துக்கொள்வேன்.

வளைகாப்பன்று நான் பாடிய பாட்டில் தேனும் தென்றலும் வேண்டிய மட்டும் இருந்தன. மரியாதைக்குக் கை தட்டினார்கள். அடுத்து, சுமதி வளையலைப் போட்டுவிட்டபடியே வயிற்றுக் குழந்தையிடம் பாடினாள்: "பயந்துக்காத கண்ணு, அது உங்கம்மா கை வளையல்தான்." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்ன அண்ணி, இன்னொரு தரம் பாடுங்க" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அடுப்படியில் சுமதியிடம் கேட்டே விட்டேன்.

"எப்படிடி வந்துச்சு?"

"தெரியலக்கா. தெனமும் கண்டதையும் பாடுறேன்ல? தப்பித் தவறி ஒண்ணு நல்லா வந்துடுது."

மறுநாள் பாத்திரம் விளக்கும்போது கொசுவைப் பற்றி மெல்லப் பாடிப் பார்த்தேன். பின்னால் நின்ற என் மகள் முகத்தைச் சுளித்தாள். "போம்மா, சித்தி பாட்டுதான் நல்லாருக்கு."

அந்த எரிச்சல் இன்றும் அடங்கவில்லை. ஆனால் வாய்க்கால் கரைக்குப் போவதை விட்டுவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் சுமதிக்கு முன்னால் ஓடிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

"நகருடி, இன்னைக்கும் நான்தான் வெளக்குவேன்."