சடங்கு வேண்டாம் என்று எழுதிய தாள்

கழுத்தில் ஒரு கட்டி. திங்கட்கிழமை அறுத்துப் பார்த்த பிறகுதான் எந்த வகை என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை சாயந்திரம், தஞ்சோங் கிளிங் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் சாவுக்கு நானே விதிமுறை எழுதினேன்.

சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவன் நான். அங்கே ஒரு வால்வைத் தொடுவதற்குக்கூட பெர்மிட் எழுத வேண்டும். சாவுக்கும் அப்படி ஒரு தாள் போதும் என்று நினைத்துவிட்டேன். தேவாரம் வேண்டாம். வாய்க்கரிசி வேண்டாம். பதினாறாம் நாள் வேண்டாம். உடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்சுடலை.

சாமி இல்லை என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. முப்பது வருஷமாக இல்லை. பயம் வேறு இடத்தில். கடலோரச் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, நான் இல்லாமல் போவது நினைவுக்கு வரும். இருட்டுகூட இருக்காது, இருட்டு என்று சொல்ல ஒருவன் வேண்டுமே. பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், நான் கியரைத் தேடுவேன்.

மனைவி கும்பிடுகிறவள். லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாமான் லிஸ்ட் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். தேவாரம் போகட்டும், உயிரோடு இருக்கும்போதே அதற்குக் கொட்டாவி விடுகிற ஆள்தானே என்றாள். உடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்ற வரியில் விரல் நின்றது.

"வீட்டுக்கே வரலைன்னா உங்க தலைக்கு நான் எப்படி எண்ணெய் வைக்கிறது?"

எனக்கு எதுவும் தெரியப்போவதில்லை, எதற்கு அது என்றேன். என் கொள்கை, என் உடல் என்று மேடைப் பேச்சுபோல ஆரம்பித்தேன்.

"செத்தப்புறம் ஒண்ணுமில்லன்னு சொல்றது நீங்கதானே. அப்ப அந்த நாளு என்னோட நாளு லா. அன்னைக்கு என் கைக்கு என்ன வேலைன்னு இதுல எழுதலையே."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். அவள் அப்பா செத்த அன்று, குளிப்பாட்டுவதற்கு முன், லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வரிசையாக வந்து எண்ணெயும் சீயக்காயும் பேருக்கு உச்சியில் தொட்டுவைத்துவிட்டு நகர்ந்தார்களாம். இவள் மட்டும் காதுக்குப் பின்னால் வரை தேய்த்தாளாம். அங்கே அவருக்கு எப்போதும் வெயில் பட்டுக் கறுத்திருக்குமாம்.

இங்கே என்று என் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள். கட்டிக்கு இரண்டு விரல் மேலே. வெங்காயம் நறுக்கிய விரல், சூடாக இருந்தது. இதே விரல் இதே இடத்துக்கு ஒருநாள் வரும், அப்போது எனக்குத் தெரியாது. செத்தால் ஒன்றுமில்லை என்று முப்பது வருஷமாக வாயால் ஜெயித்த வாதம் அப்போதுதான் தோலில் ஏறியது.

கொஞ்ச நேரம் அப்படியே வை என்று சொல்ல வந்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.