சின்னச் சக்கரமும் அரைப்பேரும்

"நல்லா ஏறின சக்கரத்தக் கழட்டிட்டு, ஏறாத சக்கரத்த மாட்டச் சொல்றாரே, என்னத்துக்கு மகன்?"

பதுளைக் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்த பலீல் நானா என்னிடம் இப்படிக் கேட்டார்.  பதில் தெரிந்தவர் கடை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர்தான் சடையாண்டி அண்ணன், எங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த என்னை, டவுனுக்கு வரும்போதெல்லாம் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வருவார்.

எழுபத்து மூன்றாம் வருடம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது. தினமும் காலையில் அண்ணன் தோட்டத்துச் சைக்கிளில் கீழே தபால் கந்தோருக்கு இறங்குவார். கடிதப் பையோடு ஆபீசுக்கு வேண்டிய சாமான்களையும் கட்டிக்கொண்டு ஏறி வருவார். இறங்குவது ஒரு பாட்டுப் பாடும் நேரம். ஏறுவதுதான் பாடு. வழியில் பாதித் தூரம் சைக்கிள் அவரைச் சுமக்காது, அவர்தான் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். வலது முழங்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.

அவர் மனைவி பெரியாயி பிள்ளை பெற்று வீட்டில் இருந்தார். அதனால் அந்த வீட்டில் ஒரே ஒரு பேர்தான் விழுந்தது. வெளியாட்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் வேலை செய்ததாகப் பதிந்தால் ஒரு பேர். வேலை குறைவு என்று கணக்கப்பிள்ளை நினைத்தால் அரைப்பேர். அரிசியும் மாவும் கிடைக்காத அந்தக் காலத்தில் அண்ணனின் முழுப்பேர்தான் வீட்டில் உலை வைத்தது. கால் போனால் பேரும் போகும் என்பது அவருடைய பயம்.

முதல் தடவை பலீல் நானாவிடம் போனபோது அவர் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார்.

"இது மேடில்லாத தட்டு ரோட்டுல ஓட்டுற சாமான். முன்னுக்கு நாப்பத்தெட்டுப் பல்லு. இதை வச்சா மலை ஏறுறீங்க?"

எனக்கும் அன்றுதான் விஷயம் விளங்கியது. மிதிகட்டையோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரம் பெரிதாக இருந்தால் ஒரு மிதிக்குச் சைக்கிள் கூடுதல் தூரம் போகும், ஆனால் காலுக்குப் பாரமும் கூடும். சக்கரம் சிறிதானால் ஒரு மிதிக்குப் போகும் தூரம் குறையும். கால் லேசாகும். ஏற்றத்துக்குச் சிறியதுதான் தோது.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம். நானா பழைய இரும்புக் குவியலைக் கிளறி மூன்று சக்கரங்களை எடுத்தார். நாற்பத்து நான்கு பல்லில் வித்தியாசமே தெரியவில்லை. நாற்பதில் அண்ணன் கடைக்குப் பின்னால் இருந்த ஏற்றத்தில் பாதிவரை போனார். ஏதோ ஒரு பொம்பிளைச் சைக்கிளில் இருந்து கழற்றிய முப்பத்தாறில் இருக்கையை விட்டு எழும்பாமலே உச்சிக்குப் போய், அங்கிருந்து மணி அடித்தார்.

"இன்னும் சின்னது இருக்கா நானா?"

"இதுக்கும் சின்னதுன்னா தட்டு ரோட்டுல கோழி செறகடிக்கிற மாதிரிக் காலடிக்கணும். இது போதும்."

நானா சங்கிலியை வெட்டிக் குறுக்கி மாட்டினார். பழைய பெரிய சக்கரம் தோட்டத்துச் சொத்து என்பதால் அண்ணன் அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். அடுத்த வாரம் முழுவதும் அவர் தள்ளாமல் ஏறி வந்தார். முழங்கால் வீக்கம் வடிந்தது.

நான் கண்டது அவ்வளவுதான். அதனால்தான் சில வாரம் கழித்து அண்ணன் பழையதையே மாட்டச் சொன்னபோது நானாவைப் போலவே நானும் குழம்பினேன். சங்கிலியை மறுபடி நீட்டிப் பெரிய சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சின்னதை நானாவிடமே விட்டுவிட்டுப் புறப்பட்டோம். டவுனைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இருவரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினோம். அப்போதுதான் அண்ணன் வாய் திறந்தார்.

சின்னச் சக்கரம் மாட்டிய பிறகு ஒரு நாள் பேர் போடும்போது கணக்கப்பிள்ளை ஜெயராசா அவரை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"என்னடா சடை, வேர்வையே காணோம்? காத்து வாங்கிட்டு வாறியா?"

"இல்லீங்கய்யா. சக்கரத்தச் சின்னதாக்கிட்டேங்க. லேசா ஏறுதுங்க."

"அப்ப வேலையும் சின்னதாப் போச்சு. பேர் மட்டும் பெருசா வேணுமோ?"

அரைப்பேர் விழுந்தது. தப்பால் நேரத்துக்கு வந்தது, ஒரு கடிதமும் நனையவில்லை. அதெல்லாம் கணக்கில் இல்லை. வேர்வைதான் கணக்கு.

வீட்டில் பெரியாயி கையில் பிள்ளையோடு சத்தம் போட்டாராம். "கேட்டதுக்கெல்லாம் உண்மையச் சொல்லிட்டு வந்து நிக்கிறியே மனுசா! வேர்த்துச்சு, காத்துல காஞ்சிருச்சுன்னு சொல்ல வாயில்லையா?" பிறகு அவரே வழியும் சொன்னார். "ரோட்டு முடக்குல பீலி இருக்குல்ல, அதுல சட்டைய நனைச்சிட்டுப் போ."

அப்படியே மலைத் தண்ணீர் கொட்டும் அந்தப் பீலியில் சட்டையை நனைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முழுப்பேர் விழுந்தது. சில நாள் இப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் மலை முழுக்கப் பனிமூட்டம். ஈரச் சட்டையோடு நின்ற அண்ணனுக்குப் பல் தந்தியடித்தது.

"வேர்த்தவன் எவன்டா நடுங்குவான்?" என்றார் கணக்கப்பிள்ளை.

கொழுந்து நிறுக்க வந்தவர்களில் ஒருவன், "சைக்கிளுக்கு முப்பத்தாறு பல்லாம், எல்லாம் நிக்குது. இவருக்கு முப்பத்திரண்டும் ஆடுது பாருங்க!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அரைப்பேர் வாங்காதவர் ஒருவரும் இல்லை. அந்தச் சக்கரம் இருக்கும்வரை அரைப்பேர்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

"அதான் தம்பி, பெருசையே மாட்டிட்டேன்" என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "இப்பப் பாரு, எப்படி வேர்க்குது."

மறுநாள் வேர்த்து ஒழுகி வந்தவரைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை, "இப்பத்தான்டா நீ வேலை செய்யிற" என்று முழுப்பேர் போட்டார்.

அடுத்த மழைக்காலத்தைக் கால் தாங்கவில்லை. முழங்கால் பூசணிக்காய் போல வீங்கி, மடக்க முடியாமல் போனது. கொஞ்ச நாள் நொண்டிக்கொண்டே தள்ளினார். பிறகு அவர் பேரையே வெட்டிவிட்டார்கள். பிள்ளை பால்குடி மறக்கும் முன்பே பெரியாயி கொழுந்துக்கூடை மாட்டினார். இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது, தங்கள் முறை வந்ததும் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

தப்பால் வேலை கணக்கப்பிள்ளையின் மச்சானுக்குப் போனது. ஏற்றம் கஷ்டமாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஆபீஸ் செலவில் சைக்கிள் பலீல் நானாவிடம் போனது. நானா ஆணியில் தொங்கிய அதே முப்பத்தாறு பல் சக்கரத்தை எடுத்து மாட்டினார். மச்சானின் சட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. நாள் தவறாமல் முழுப்பேர் விழுந்தது.

இதை நானாதான் எனக்குச் சொன்னார். "இப்ப வெளங்குது மகன், நான் அன்னைக்கு உங்கக்கிட்ட ஏன் கேட்டேன்னு வெக்கமா இருக்கு" என்றார்.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை உங்கள் லயத்து வீடுகளிலும் கடையிலும் பஸ்ஸிலும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கணக்கப்பிள்ளை கூப்பிட்டது போலச் சடை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அவர் பெயர் கருப்பண்ணன் சடையாண்டி. நீங்களாவது அதை முழுப்பேராகப் போடுங்கள்.