லோறன்ஸ் எந்த வீட்டில் படுக்கிறான்

றஞ்சிதமக்கா உதைபந்தாட்டம் பார்க்க வரும் நாட்களில் எதிரணியின் கோல் காப்பாளர் பாவம். கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றுகொண்டு, ஆட்டம் முடியும் வரைக்கும் அவனுடைய காதுக்குள்ளேயே கத்துவார். பந்தை விட்டால் சிரிப்பார். பிடித்துவிட்டால் அவனுடைய பரம்பரையையே இழுப்பார். எங்கள் ஊர் தாழைமுனை. ஊரின் சந்தியோகு அணிச் சட்டைகளை எத்தனையோ வருடங்களாகக் கிணற்றடியில் தோய்த்துக் காயப்போட்டவர் அவர்தான். யாரும் கேட்டுச் செய்ததல்ல. கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு, கருவாடு போட்டு ஒரே மகன் லோறன்சை வளர்த்தார். அந்த லோறன்ஸ்தான் எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரனாக இருந்தான்.

போன வருடம் அவன் சங்குத்துறையில் பெற்றிசியாவைக் கல்யாணம் முடித்தான். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. கத்தோலிக்கக் கோயில் பங்குகளுக்கிடையில் நடக்கும் சுற்றுப்போட்டியின் விதியும் அதற்கேற்றதுதான்: ஒருவன் எந்தப் பங்கில் குடியிருக்கிறானோ அந்தப் பங்குக்கே விளையாட வேண்டும். ஆகவே லோறன்ஸ் சங்குத்துறைப் பாத்திமா அணிக்குப் போனான். பெண்ணைத் தந்து ஆட்டக்காரனைக் களவெடுத்துவிட்டார்கள் என்று ஊர் பொருமியது. ஊரைவிட அதிகமாகப் பொருமியவர் றஞ்சிதமக்கா. மருமகளின் முகத்தைப் பார்த்து அவர் கதைத்ததே இல்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரண்டு அணிகளும் மோதின. கழுதைகளை மைதானத்திலிருந்து கலைத்து முடிக்கவே நேரமாகிவிட்டது. கடற்படை முகாமிலிருந்து ஒரு விருந்தினர் வந்திருந்தார். அதனால் சிங்களத்திலும் அறிவிக்க ஒருவர் வேண்டுமென்று என்னை ஒலிபெருக்கி மேசையில் இருத்தியிருந்தார்கள். எழுதித் தருவதை வாசித்தால் போதும் என்றார்கள், சம்மதித்தேன். நடந்ததெல்லாம் அந்த மேசைக்கு முன்னால்தான் நடந்தது.

முதல் பாதியில் றஞ்சிதமக்கா பாத்திமா அணியின் கோலுக்குப் பின்னால் நின்றார். ஆனால் அன்று கோல் காப்பாளன் தப்பித்துக்கொண்டான். ஏச்செல்லாம் மகனுக்குத்தான்.

"டேய் லோறன்ஸ், மாமியார் வீட்டுப் புட்டு காலிலை இறங்கீட்டுதோ? அரக்கியரக்கி ஓடுறாய்!"

"அக்கா, அது உங்கட மகனெல்லோ?" என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன்.

"மகன்தான். அதுக்கு? போய்ப் பந்தை மறியுங்கோவன்ரா."

ஒருவரும் மறிக்கவில்லை. மூலையிலிருந்து வந்த பந்தை லோறன்ஸ் தலையால் முட்டி எங்கள் வலைக்குள் தள்ளினான். எங்கள் பக்கம் அடங்கிப்போன அந்த நேரத்தில், கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன், "பெத்தவளை வித்த நாய்!" என்று கத்தினான். றஞ்சிதமக்கா திரும்பினார்.

"ஆரடா அது? அவனை ஏசுறதுக்கு நான் இருக்கிறன். நீ பொத்திக்கொண்டு நில்."

இடைவேளை விசில் ஊதியதும் எங்கள் கழகத் தலைவர் அருட்பிரகாசம் மேசைக்கு வந்தார். ஊரில் பாதிப்பேரின் மீனை வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுபவர். மேசையிலிருந்த போட்டிச் செயலாளர் சரவணமுத்து மாஸ்டர் உயிலங்குளத்துக்காரர். எந்தப் பங்கையும் சேராதவர் என்பதற்காகவே அவரை அந்தப் பொறுப்பில் வைத்திருந்தார்கள்.

"மாஸ்டர், உந்த லோறன்ஸ் சங்குத்துறையிலை இருக்கிற ஆளில்லை. படகு எங்கட கரையிலை. கடலுக்குப் போற நாளெல்லாம் தாய் வீட்டிலைதான் படுக்கை. விதிப்படி மட்ச் எங்களுக்கு. அவனுக்கு ஒரு வருசத் தடை."

"ஆட்டம் துடங்க முதல் ஏன் சொல்லேல்லை?"

"இப்பதானே மாஸ்டர் எங்களுக்கே தெரியவந்தது."

சங்குத்துறையில் கடல் ஆழமில்லை, லோறன்சின் படகை அங்கே கட்ட முடியாது. அதனால் தொழில் நாட்களில் பின்னேரமே வந்து தாய் வீட்டில் படுத்து, விடியமுன் கடலுக்கு இறங்குவான். தாழைமுனையில் இதைத் தெரியாத குழந்தை இல்லை. அவன் கோல் அடித்திராவிட்டால் இந்த முறைப்பாடும் வந்திராது.

சங்குத்துறைக்காரர் திரண்டு வந்தார்கள். லோறன்ஸ் வியர்வை வழிய நின்றான். "படகு எங்கை நிண்டா என்ன? என்ர குடும்பம் சங்குத்துறையிலை" என்றான். எங்கள் பெடியன்கள் குடையோடு நின்ற பெற்றிசியாவைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன பெற்றிசியா, கட்டில் ஒடுக்கமோ? மனுசன் தாயிட்டை ஓடுறான்!"

"உன்ர பெஞ்சாதியிட்டைப் போய்க் கேள், உன்ர குறட்டைக்கு அவள் எங்கை ஓடுறவள் எண்டு."

அப்படிச் சொன்னாலும் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. தன் கட்டிலைப் பற்றி ஒரு மைதானமே கதைத்தால் யாருக்குத்தான் கலங்காது?

"தாயைக் கூப்பிடுங்கோ" என்றார் மாஸ்டர். "அவ சொல்லுறதுதான் முடிவு. இரண்டு பக்கமும் சம்மதமோ?"

சம்மதம் என்றார்கள். அருட்பிரகாசத்தின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. றஞ்சிதமக்கா பொய் சொல்லமாட்டார் என்பதும், தாழைமுனை தோற்பதைப் பொறுக்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அக்கா வந்தார். ஒருவன் ஒலிவாங்கியை நீட்டினான்.

"எனக்கென்னத்துக்கு உது?" என்று தள்ளிவிட்டார். அது உண்மைதான்.

மாஸ்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, உங்கட மகன் எந்த வீட்டிலை படுக்கிறவர்? இஞ்சை எண்டால் அவருக்குத் தடை வரும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அக்கா மகனைப் பார்த்தார். இல்லை என்றால் பொய். ஓம் என்றால் அவனுடைய ஆட்டம் முடிந்தது. பிறகு அருட்பிரகாசத்திடம் திரும்பினார்.

"தம்பி, உனக்கு இது எப்ப தெரியும்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ அக்கா."

"மட்டுமோ?" அக்காவின் குரல் ஏறியது. "விடிஞ்சா என்ர வேலிப் படலையிலை நிண்டு அவன்ர மீனை நிறுக்கிறது ஆர்? என்ர தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, 'பெடியன் நல்லாப் படுத்தெழும்பினவனோ' எண்டு கேக்கிறது ஆர்? அப்பவெல்லாம் தெரியேல்லை, பந்து வலைக்குள்ளை போனாப் பிறகுதான் தெரியுதோ? அவனைக் காலாலை மறிக்க வக்கில்லாமல் என்ர வாயாலை மறிக்க வந்தனியோ?"

"அம்மா, பதில்..." என்றார் மாஸ்டர்.

"ஓம். கடலுக்குப் போற நாளிலை என்ர வீட்டிலைதான் படுக்கிறவன்."

எங்கள் பக்கம் மேளம் அடித்தது. பெற்றிசியா மணலில் குந்திவிட்டாள். லோறன்ஸ் "அம்மா" என்று மட்டும் சொன்னான்.

"பொறுங்கோடா, நான் இன்னும் முடிக்கேல்லை!" மேளம் நின்றது. "இவ்வளவு நாளும் படுத்தவன். இண்டையோடை சரி. இனி அவனுக்கு என்ர வீட்டிலை படுக்கையும் இல்லை, சோறும் இல்லை. படலை திறக்கமாட்டன். இப்ப அவனுக்கு ஒரு வீடுதான் இருக்கு மாஸ்டர். அது எங்கையெண்டு என்னைக் கேக்காதேங்கோ."

மாஸ்டர் நடுவர் வஸீரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்துவிட்டு வந்தார். முறைப்பாட்டை ஆட்டத்துக்கு முன்னரே தந்திருக்க வேண்டும். இனிச் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஆகவே ஆட்டம் தொடரும். ஆனால் போட்டி முடியும் வரை லோறன்ஸ் தாய் வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் பாத்திமா அணி விலக்கப்படும்.

"அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்றார் அருட்பிரகாசம்.

விருந்தினர் என் பக்கம் குனிந்து, என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். ஓர் ஆள் எந்த வீட்டில் தூங்குகிறார் என்பதுதான் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு ஒலிவாங்கியைத் தூக்கி யார் மீதாவது எறிய வேண்டும் போல இருந்தது. எழுதித் தந்ததை இரண்டு மொழியிலும் வாசித்தேன்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. றஞ்சிதமக்காவும் மைதானத்தின் நீளம் முழுவதும் நடந்துபோய்ப் பாத்திமா அணியின் கோலுக்குப் பின்னால் நின்றார். எங்கள் பெடியன்கள் வழிவிட்டு விலகினார்கள்.

"லோறன்ஸ்! நிண்டு கனாக் காணுறியோ? டேய் சந்தியோகுக் கழுதையள், அடிங்கோவன்ரா ஒரு கோல்! உங்களுக்காகவோ நான் வாயைக் கிழிக்கிறன்?"

அடிக்கவில்லை. ஒன்றுக்குப் பூச்சியத்தில் தோற்றோம். அக்கா எல்லோரையும் ஏசியபடி வீட்டுக்கு நடந்தார்.

அன்று பின்னேரமே அருட்பிரகாசம் வழக்கம்போல ஊத்தைச் சட்டைகளைச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார். அக்கா சாக்கை அவிழ்க்காமலே வேலிக்கு மேலால் தெருவில் எறிந்தார். அது இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

மறுநாள் பொழுதுபடும் நேரம் லோறன்ஸ் கடலுக்குப் போக வந்தான். படலை பூட்டியிருந்தது. தட்டவில்லை. கரையில் படகுக்குள் பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தான். தைப் பனி கொட்டியது. அருட்பிரகாசத்தின் மீன் வாடியில் வேலை செய்யும் தோமஸ் ஒவ்வொரு நாளும் பொழுதுபடச் சைக்கிளில் வந்து, அக்காவின் முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் போகும் மட்டும் அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஏசிக்கொண்டே இருப்பார். சில சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் கிழமையே பெற்றிசியா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் என் வீட்டு வேலியடியில் நின்றேன்.

"மாமி, அவர் பனியிலை கிடந்து இருமுறார். உங்களுக்கு இரக்கமில்லையோ?"

"இரக்கப்பட்டுத் திறந்தால் உங்கட அணியை விலக்குவாங்கள். பிறகு ஆருக்கு ஏசுவாய்? எனக்குத்தானே?"

"ஓம், ஏசுவன்."

"அப்ப இப்பவே ஏசு. போட்டி முடியும் மட்டும் திறக்கமாட்டன்."

பெற்றிசியா படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட சோத்திலையாவது கொஞ்சம் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"நான் சோறில்லை எண்டெல்லோ எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான்." அக்கா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மூடிய சட்டி இருந்தது. அதைப் படலைக்கு மேலால் நீட்டினார். "இது உனக்கு. மருமகளுக்குச் சோறில்லை எண்டு நான் சொல்லேல்லை. எங்கை கொண்டுபோய் வைச்சுத் திண்டாலும் எனக்கென்ன?"

அந்த நேரம் பார்த்துத் தோமஸ் சைக்கிளில் வந்தான். இரண்டு பெண்களும் ஒரே தடவையில் திரும்பினார்கள்.

"என்னடா பாக்கிறாய்?" என்று அக்கா தொடங்கினார்.

"போய்ச் சொல்லு உன்ர முதலாளியிட்டை" என்று பெற்றிசியா முடித்தாள், "லோறன்ஸ் இண்டைக்குப் பெஞ்சாதியோடை படகிலை படுக்கிறாராம். வந்து தலையை எண்ணிக்கொண்டு போகட்டாம்."

சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கரைக்கு இறங்கினாள். தோமஸின் சைக்கிள் மறைந்த பிறகும் றஞ்சிதமக்கா தெருவைப் பார்த்து ஏசுவதை நிறுத்தவில்லை.