துளசியின் தாளில் என் பெயர்

போன செவ்வாய்க்கிழமை காலை நிலையத்தின் கேற்றைத் திறந்துகொண்டிருந்தபோது சுகந்தியின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "நெஞ்சு நோகுது எண்டவா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். எங்களை விட்டிட்டுப் போட்டா, தங்கச்சி" என்றார்.

ஆனாலும், சுகந்தியை அறிந்த உங்களுக்கு இதை அழுதுகொண்டு எழுத என்னால் முடியவில்லை. அவரை நினைத்தாலே, ஏதோ ஒன்று பிடிபடப் போகிறது என்ற பரபரப்புத்தான் இப்போதும் வருகிறது.

கிளிநொச்சியில், ஓட்டிசம் எனும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு நடத்தைச் சிகிச்சை கொடுக்கும் சிறிய நிலையமொன்றில் நாங்கள் எட்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். ஒரே பயிற்சிதான் இருவருக்கும். நான் என் கண்ணை நம்பினேன்; அவர் தாளை நம்பினார். எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நாங்கள் என்ன செய்தோம், பக்கத்தில் யார் என்று, பிள்ளை அடித்தாலோ கடித்தாலோ ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். "பிள்ளையைப் பாக்கிறதோ, தாளைப் பாக்கிறதோ?" என்று நான் சலித்துக்கொள்வேன். "மனம் தனக்குப் பிடிச்சதைத்தான் ஞாபகம் வைக்கும், ரஞ்சினி. நீர் எழுதும்" என்பார்.

கண்டாவளையிலிருந்து துளசி வந்தாள். எட்டு வயது, பேச்சு இல்லை. இரத்தம் வரும்வரை தன் மணிக்கட்டைக் கடிப்பாள். "நாள் முழுக்கக் கடிக்கிறாள், ரீச்சர்" என்று தாய் சொன்னார். அவளை வவுனியாவில் ஒரு விடுதியில் விடுவதென்று தகப்பன் முடிவெடுத்திருந்தார். சுகந்தி அவரிடம், "ரெண்டு கிழமை தாங்கோ, அண்ணை. எழுதிப் பாக்கிறம்" என்று கேட்டார். எழுதி என்ன வரப்போகிறது என்று முணுமுணுத்தாலும், அவர் சம்மதித்தார்.

வீட்டில் தாய் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டு கிழமை முடிந்ததும் எல்லாத் தாள்களையும் சுகந்தி நிலத்தில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். துளசி நாள் முழுக்கக் கடிக்கவில்லை. வீட்டில் பெரும்பாலும் சீப்பால் தலை இழுக்கும்போது மட்டும். நிலையத்தில் ஒரே ஒரு பாடவேளையில்.

"ஆற்ற பாடத்தில?" என்றேன்.

"உம்மட பாடத்தில."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளையில் எல்லோரையும்விட எனக்குத்தான் இரக்கம். "அவள் கடிச்சால் நான் உடன பாடத்தை நிப்பாட்டிப்போடுவன், சுகந்தி."

"ஓம், அதுதான். அம்மாவும் சீப்பை வைச்சிடுறா. கடிச்சால் நிக்கும் எண்டு துளசி கண்டுபிடிச்சிட்டாள். 'காணும்', இனிப் போதும் எண்டு சொல்ல அவளுக்கு வேற வழி இல்லையே."

என்னைக் குற்றம் சொல்லும் எண்ணம் அவர் முகத்தில் துளியும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை.

அன்றே மஞ்சள் மட்டையில் 'காணும்' என்று ஓர் அட்டை வெட்டினோம். அதைத் தந்தால் பாடத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். முதல் நாட்களில் அவள் கையைப் பிடித்து எடுக்கப் பழக்கினேன். ஐந்தாம் நாள் மணிக்கட்டை வாய்வரை கொண்டுபோனவள் இடையில் நிறுத்தினாள். அட்டையைத் தானே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் கத்திய கத்தலில் சுகந்தி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார். "முதல்ல நேரத்தை எழுதும்" என்றார். எழுதினேன். பிறகு இருவரும் சின்னப்பிள்ளைகள் போலக் குதித்தோம். துளசி எங்களை வினோதமாகப் பார்த்தாள்.

அந்த மாத முடிவில் தகப்பன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடிகள் குறைந்து குறைந்து வருவதை விரலால் தொட்டுப் பார்த்தார். "வீட்டுக்கும் ஒரு அட்டை வெட்டித் தாங்கோ" என்றார். விடுதிக் கதையை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

சுகந்தியிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: என் பிழையைக் காட்டும் ஒரு தாளைக் கண்டால் இப்போது நான் வெட்கப்படுவதில்லை. ஒரு பிள்ளை இத்தனை நாளாக என்னிடம் சொல்லப் பார்த்தது அதில் இருக்கும். அதே பரபரப்போடு வாசிக்கிறேன்.